சின்ன ஓஎஸ் எல்லாம் ஏன் விண்டோஸ் மாதிரியே ஆகிட கூடாது?

தம்பி கேட்டத படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு தடவ சுருக்கி எழுதிடுறேன். கொட்டகலைல ஏ/எல்லுக்கு (உயர்தரம்) ஐசிடி, அதாவது கொம்பியூட்டர் பாடம், படிக்கிறாராம். ஸ்கூல்ல ஒதுக்கி போட்ட பழைய மெஷின் ஒண்ணுல ஹைக்குன்னு ஒரு சின்ன இலவச ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி மெஷின ஓட்டுற அடிப்படை சொஃப்ட்வெயார்) போட்டு பார்த்திருக்காரு, சும்மா பறக்குதாம், ஆனா டாஸ்க்பார் கீழ இல்லாம வலது பக்கம் மேல் மூலையில கிடக்கு, விண்டோ ஒவ்வொண்ணுக்கும் தலையில அரைகுறையா ஒரு மஞ்சள் டேப், கொப்பி பேஸ்ட்டுக்கு கன்ட்ரோல் கீ இல்ல, ஆல்ட் கீ. "இவங்க ஏன் இப்படி பிடிவாதம் பிடிக்கிறாங்க அண்ணே, பேசாம விண்டோஸ் மாதிரியே செஞ்சிட்டா ஆளுங்க தானா வருவாங்கதானே"ன்னு கேக்குறாரு.

வர மாட்டாங்க தம்பி. பதில் அவ்வளவுதான், ஆனா ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் நீளும், பிளேன்டீ ஒண்ணு ஊத்தி வச்சிக்கிட்டு படிங்க. நான் சர்வர் வேலை பார்க்கிறவன், வீடு பண்டாரவளை, சோறு போடுறது லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும், மத்த ஓஎஸ் எல்லாம் ஆசைக்கு வச்சிருக்கிறது, அதனால கொஞ்சம் பாசம் கலந்துதான் பேசுவேன், அத கழிச்சிட்டு எடுத்துக்குங்க.

முதல்ல நம்ம ஊர் நிலமைய பாருங்க. "ஹைக்கு ஃப்ரீ, விண்டோஸ் காசு"ன்னு வெளிநாட்டுல சொல்லலாம், இங்க எடுபடாது. ஹட்டன்லயோ பதுளைலயோ டவுன்ல ஒரு கடைக்கு மெஷின கொண்டு போய் குடுத்தா விண்டோஸும் ஒஃபிசும் சேர்த்து போட்டு குடுத்துடுவாங்க, லைசென்ஸ்னு ஒண்ணு இருக்குன்னே பாதி பேருக்கு தெரியாது. அப்ப விண்டோஸ் மாதிரியே இருக்கிற இன்னொண்ண நீங்க நீட்டினா அந்த ஆள் என்ன கேப்பாரு? "மாதிரியே எதுக்கு, அதையே போட்டு குடுங்களேன்"னு கேப்பாரு. நியாயமான கேள்விதான். நகலா இருக்கிறதுல இதான் சிக்கல், எவ்வளவு நல்லா செஞ்சாலும் ஒரிஜினலோட வச்சு பார்த்துதான் மார்க் போடுவாங்க, அதுவும் ஒரிஜினல்காரன் போட்ட மார்க் ஸ்கீம்ல.

இத உண்மையாவே முயற்சி பண்ணினவங்க இருக்காங்க. ரியக்ட்ஓஎஸ்னு ஒண்ணு, 1996ல விண்டோஸ் 95 மாதிரி ஒண்ணு செய்யணும்னு கிளம்பின கூட்டம், அப்புறம் 1998 வாக்குல விண்டோஸ் என்டிங்கிற இன்னொரு வகை பக்கம் திரும்பி ரியக்ட்ஓஎஸ்ங்கிற பேர்ல வேலை செய்றாங்க. விண்டோஸ் ப்ரோகிராமும் ட்ரைவரும் (மெஷினோட பாகங்கள ஓட்டுற சொஃப்ட்வெயார்) அப்படியே ஓடணுங்கிறது இலக்கு. கால் நூற்றாண்டு தாண்டிடுச்சு, இன்னும் அல்ஃபா, அதாவது சோதனை நிலைதான். அவங்க குறி வச்சிருக்கிறது சர்வர் 2003 காலத்து விண்டோஸ், மைக்ரோசொஃப்ட் அதுக்கப்புறம் எங்கேயோ போயிடுச்சு. அவங்க திறமைய குறை சொல்லவே மாட்டேன், விண்டோஸ் ப்ரோகிராம லினக்ஸ்ல ஓட வைக்கிற வைன் ப்ரோஜெக்ட்டுக்கும் அவங்களுக்கும் கோட் கொடுக்கல் வாங்கல் இருக்கு, அதுல நிறைய பேருக்கு பிரயோசனம். ஆனா அடுத்தவன் எழுதின வரைபடத்த வெளிய இருந்து ஊகிச்சு, அவன் விட்ட பிழைய கூட பிழை மாறாம திருப்பி எழுதணும்னா அந்த வேலைக்கு முடிவே கிடையாது. லின்டோஸ்னு லினக்ஸ்காரங்க ஒண்ணு கிளப்பினது தனி கூத்து, மைக்ரோசொஃப்ட் கேஸ் போட்டு கடைசில 2004ல சுமார் 20 மில்லியன் டொலர் குடுத்து பேர மாத்த வச்சாங்க, அந்த ஓஎஸ்ஸால வந்த லாபத்த விட பேர விட்டு குடுத்த லாபம்தான் பெருசா இருந்திருக்கும்னு நெனைக்கிறேன்.

ஆனா இதெல்லாத்தையும் விட நல்ல பாடம் ஐபிஎம்மோட ஓஎஸ்/2. சின்ன கம்பெனி இல்ல பாருங்க, ஐபிஎம். 1992ல வந்த 2.0 நிஜமாவே விண்டோஸ் 3 காலத்து சாமான விட பலமானது, ஒரு ப்ரோகிராம் விழுந்தா மத்தது விழாது. அதோட பழைய டொஸ் ப்ரோகிராம், விண்டோஸ் ப்ரோகிராம் எல்லாம் உள்ளயே ஓடும், விண்டோஸ விட நல்ல விண்டோஸ்னே விளம்பரம் பண்ணினாங்க. என்ன ஆச்சு? ப்ரோகிராம் எழுதுறவன் யோசிச்சான், நான் விண்டோஸுக்கு ஒரு தடவ எழுதினா ரெண்டுலயும் ஓடுது, அப்புறம் ஓஎஸ்/2வுக்குன்னு தனியா எதுக்கு மெனக்கெடணும். அதனால ஓஎஸ்/2வுக்குன்னே எழுதின ப்ரோகிராம் பெருசா வளரல. அப்புறம் விண்டோஸ் 95 வந்துச்சு, புது 32 பிட் ப்ரோகிராம் எல்லாம் அதுக்கு எழுதினாங்க, அது ஓஎஸ்/2ல ஓடல, கையில இருந்த ஒரே துருப்பும் போச்சு. மத்த காரணமும் இருக்கு, மெமரி விலை, புது மெஷின்களோடயே விண்டோஸ் சேர்ந்து வந்தது, ஆனா இதுவும் பெரிய காரணம்னு அந்த காலத்து ஆளுங்க நிறைய பேர் சொல்வாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. ப்ளக்பெரி 10ம் கிட்டத்தட்ட அதே கதை, 2013ல வந்தப்பவே ஆண்ட்ரோய்ட் ஆப் ஓடும்னாங்க, 2015ல கம்பெனியே ஆண்ட்ரோய்ட் போட்ட ஃபோன வித்துச்சு.

இப்ப ஹைக்கு பக்கம் வருவோம். நீங்க அத வேஷம்னு நெனைக்கிறீங்க, டேப் மஞ்சளா இருக்கு, டெஸ்க்பார் (ஹைக்குவோட டாஸ்க்பார்) மேல இருக்கு, அத மாத்திட்டா ஆச்சுன்னு. டெஸ்க்பார நீங்களே இழுத்து கீழ வச்சிக்கலாம், கன்ட்ரோல் கீயும் செட்டிங்க்ஸ்ல மாத்திக்கலாம், அதெல்லாம் விஷயமே இல்ல. விஷயம் உள்ளுக்குள்ள.

பீஓஎஸ்னு 90கள்ல ஒரு ஓஎஸ் இருந்துச்சு, ஹைக்கு அதோட வாரிசு. பீ கம்பெனி 1995ல பீபொக்ஸ்னு ஒரு மெஷின் செஞ்சாங்க, அதுல ரெண்டு ப்ரோசெசர். வீட்டு கொம்பியூட்டர்னா ஒரு ப்ரோசெசர்தான்னு உலகமே இருந்த காலம் அது. ரெண்டையும் சும்மா விடாம வேலை வாங்கணுங்கிறதால ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி த்ரெட்னு (ப்ரோகிராமுக்குள்ள மத்ததுக்கு காத்திருக்காம தனியா ஓடுற வேலை) ஆரம்பத்துலயே விதி வச்சிட்டாங்க, ஹைக்குலயும் அப்படித்தான். நீங்க "பறக்குது"ன்னு சொன்னீங்களே, வேகத்துல பாதி இதுதான், உள்ள ஒரு வேலை திணறிக்கிட்டு கிடந்தாலும் விண்டோ உங்க மவுசுக்கு பதில் சொல்லிக்கிட்டே இருக்கும், விண்டோஸ்ல வெள்ளையா உறைஞ்சு போய் நிக்குமே, அந்த மாதிரி நிக்கிறது ரொம்ப குறைவு. இதுக்கு ஒரு விலையும் இருக்கு. வேற ஓஎஸ்ஸுக்கு எழுதின ப்ரோகிராம் எல்லாம் ஒரே த்ரெட்ல திரைய கையாளுற மாதிரிதான் எழுதியிருப்பாங்க, அத இங்க கொண்டு வர்றது தலைவலி, ஒண்ணுக்கொண்ணு பூட்டு போட்டுக்கிட்டு நிக்கும். விண்டோஸ் மாதிரி ஆக்குங்கன்னா முதல்ல தூக்க வேண்டியது இந்த விதியத்தான். தூக்கிட்டா வேற ஓஎஸ் ப்ரோகிராம இங்க கொண்டு வர லேசு, சரி, ஆனா அந்த பழைய மெஷின்ல உங்களுக்கு பிடிச்சிருந்ததும் அதோட போயிடும்.

அந்த அரைகுறை மஞ்சள் டேப்பும் சும்மா இல்ல. அது விண்டோவோட முழு அகலத்துக்கும் இல்லாததால ஷிஃப்ட்ட பிடிச்சிக்கிட்டு நகர்த்தலாம், விண்டோஸ் கீய பிடிச்சிக்கிட்டு ஒரு விண்டோவ இன்னொண்ணோட டேப்ல கொண்டு போய் விட்டீங்கன்னா ரெண்டும் ஒரே அடுக்காயிடும், பிரவுசர் மாதிரி டேப் டேப்பா, வேற வேற ப்ரோகிராமா இருந்தாலும் சரி. ஓரத்துல விட்டா பக்கத்துல ஒட்டிக்கும். இதே யோசனைய மைக்ரோசொஃப்ட் 2017ல செட்ஸ்னு பேர் வச்சு விண்டோஸ் 10ல சோதிச்சு பார்த்தாங்க, அப்புறம் கைவிட்டுட்டாங்க. கோடிக்கணக்கான ஆளுங்க பாவிக்கிற சாமான்ல ஒரு டேப்ப அசைக்கிறது கூட அவ்வளவு பாரம். சின்ன கூட்டத்துக்கு அந்த பாரம் இல்ல, அவங்க செஞ்சாங்க, இன்னைக்கும் இருக்கு.

ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்ல ஃபைல அடுக்கி வைக்கிற முறை பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், எனக்கு ஹைக்குல ரொம்ப பிடிச்சது அதுதான். ஒரு ஃபைலோட பேர், சைஸ், திகதி மட்டும் இல்லாம நமக்கு வேண்டிய விவரத்தையும் ஃபைலோடயே ஒட்டி வைக்கலாம், அட்ரிபியூட்னு சொல்வாங்க. மெயில் வந்தா ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல், யார் அனுப்பினது, தலைப்பு என்ன, படிச்சாச்சா இல்லையா எல்லாம் அட்ரிபியூட். மெயில் பார்க்க தனி ப்ரோகிராம் கூட கட்டாயம் இல்ல, ஃபோல்டர தொறந்தா போதும். டவுன்ல ஒரு கொமியூனிகேஷன் கடை வச்சிருக்கீங்கன்னு வைங்க. தோட்டத்து ஆளுங்க இபிஎஃப் ஃபோர்ம், பர்த் சேர்ட்டிஃபிகேட், ஐடென்டிட்டி கார்ட்னு ஸ்கேன் பண்ண வருவாங்க, ஃபைல் பேர் எல்லாம் ஸ்கேன் 001, ஸ்கேன் 002ன்னு கிடக்கும், ஆறு மாசம் கழிச்சு அதே அக்கா திரும்ப வந்து கேட்டா தேடி முடியாது. ஹைக்குல அந்த ஃபைலுக்கு பேர், தோட்டம், டிவிஷன், என்ன பேப்பர்னு நாலு அட்ரிபியூட் போட்டு வச்சா, "இந்த தோட்டத்துல இந்த டிவிஷன் ஆளுங்களோட பர்த் சேர்ட்டிஃபிகேட் எல்லாம் காட்டு"ன்னு ஒரு குவெரிய, அதாவது தேடல, சேவ் பண்ணி வச்சிக்கலாம், புதுசா ஒண்ணு ஸ்கேன் பண்ணினா அந்த லிஸ்ட்ல தானா வந்து விழும். டேட்டாபேஸ் சொஃப்ட்வெயார் வேணாம், இன்டர்நெட் வேணாம்.

ரெண்டு எச்சரிக்கை, இத யாரும் ஆரம்பத்துல சொல்றதில்ல. தேடணும்னா அந்த அட்ரிபியூட்டுக்கு முதல்ல இன்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல்) செஞ்சிருக்கணும், இன்டெக்ஸ் செய்றதுக்கு முன்னால போட்டு வச்ச ஃபைல் தானா அதுக்குள்ள வராது. ரெண்டாவது, நம்ம ஆளுங்க பாவிக்கிற பென் ட்ரைவ் பொதுவா ஃபெட்32ங்கிற வேற ஃபைல் சிஸ்டம், அதுல கொப்பி பண்ணினா அட்ரிபியூட் எல்லாம் உதிர்ந்துடும், ஹைக்குலயே ஸிப் பண்ணி கொண்டு போனா உதிராது.

இந்த ஃபைல் சிஸ்டத்த பீ கம்பெனில எழுதினவங்கள்ல முக்கியமான ஆள் டொமினிக் ஜியம்பவுலோ. பீய 2001ல பாம் கம்பெனி 11 மில்லியன் டொலருக்கு வாங்கி மூடிடுச்சு, இவர் பிற்பாடு அப்பிளுக்கு போய் ஸ்பொட்லைட் தேடல்ல வேலை செஞ்சாரு, அது 2005ல மெக்ல வந்துச்சு, அதுக்கப்புறம் இன்னைக்கு ஐஃபோன்ல இருக்கிற ஏபிஎஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டமும் இவர் கை பட்டதுதான். பெரிய ஓஎஸ் எதுவும் இப்படித்தான் சாப்பிடுது தம்பி, ஓரத்துல யாரோ வித்தியாசமா ஒண்ணு செஞ்சு ஓட்டி காட்டினப்புறம் எடுத்துக்கும். ஓரத்துல இருக்கிறவனும் பெருசையே பார்த்து எழுதிக்கிட்டிருந்தா எடுக்கிறதுக்கு எங்க என்ன இருக்கும்? பாமோட ஃபோன் ஓஎஸ்ஸான வெப்ஓஎஸ்ஸும் அதே, 2009ல ஆப் எல்லாத்தையும் சீட்டு மாதிரி பரப்பி மேல தள்ளி மூடுற முறைய கொண்டு வந்தாங்க, அந்த டிசைனர் மத்தியாஸ் துவார்த்தே அடுத்த வருஷம் கூகுளுக்கு போனாரு, இன்னைக்கு உங்க ஃபோன்ல ஆப் மூடுறது எப்படின்னு பாருங்க. வெப்ஓஎஸ் இப்ப எல்ஜி டிவிக்குள்ள உயிரோட இருக்கு.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒண்ணு சொல்றேன், இந்த தமிழ் எழுத்தே அப்படி வந்ததுதான். அமெரிக்காவுல பெல் லெப்ஸ்ங்கிற ஆராய்ச்சி கூடத்துல பிளான் 9னு ஒரு ஓஎஸ், லினக்ஸுக்கெல்லாம் முன்னோடியான யூனிக்ஸ் செஞ்ச அதே ஆளுங்க யூனிக்ஸ் போதாதுன்னு திரும்ப ஆரம்பத்துல இருந்து செஞ்சது. உலகத்து எழுத்து எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல எப்படி வைக்கிறதுன்னு எல்லாரும் மண்டைய பிச்சிக்கிட்டிருந்த நேரம், 1992 செப்டெம்பர்ல நியூ ஜெர்சில ஒரு சாப்பாட்டு கடைல உக்காந்து கென் தொம்சனும் ரொப் பைக்கும் தட்டுக்கு கீழ விரிக்கிற பேப்பர்ல யூடிஎஃப்-8ங்கிற எழுத்து சேமிக்கிற முறைய வரைஞ்சாங்க. வரைஞ்சது பெருசு இல்ல, அடுத்த சில நாளுக்குள்ள பிளான் 9 முழுசையும் அதுக்கு மாத்திட்டாங்க, அதுதான் பெருசு. பாவிக்கிறவங்க கொஞ்ச பேர், பழைய ப்ரோகிராம் உடையும்னு அழுறதுக்கு யாரும் இல்ல. விண்டோஸ் என்டி 1993ல 16 பிட் எழுத்து முறைய எடுத்துக்கிச்சு, அந்த பாரம் இன்னும் முதுகுல இருக்கு, எழுத்து சம்பந்தப்பட்ட ஃபங்ஷன் எல்லாம் பழசுக்கு ஒண்ணு புதுசுக்கு ஒண்ணுன்னு ரெட்டையா நிக்குது, ஒரு ப்ரோகிராம் அந்த பழைய வகை ஃபங்ஷன்கள யூடிஎஃப்-8ல பாவிக்கிறேன்னு சொல்லிக்க அனுமதி வந்ததே 2019ல.

பாமினி ஃபொன்ட்ல டைப் பண்ணின காலம் உங்களுக்கு தெரியாது. டைப் பண்ணின பேப்பர இன்னொரு மெஷின்ல தொறந்தா, அங்க பாமினி இல்லன்னா இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் கொட்டி கிடக்கும், ஸ்கூல் வினாத்தாள் கூட ஃபொன்ட்டையும் சேர்த்து ஃப்ளொப்பில கொண்டு போகணும். உலகத்து எழுத்துக்கெல்லாம் எண் குடுக்கிற யூனிகோட் பட்டியல்ல தமிழுக்கு 1991லயே இடம் இருந்துச்சு, ஆனா அது பழைய ப்ரோகிராம்கள உடைக்காம இன்டர்நெட் முழுக்க ஓடினது யூடிஎஃப்-8 மேல ஏறித்தான். நீங்க இப்ப படிக்கிற ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் அதுல மூணு பைட். பிளான் 9னு பேர் கேட்ட ஆளுங்க நம்ம மலைநாடு முழுக்க தேடினாலும் விரல் விட்டு எண்ணலாம், ஆனா பாவிக்காத ஆள் ஒருத்தரும் இல்ல. அதுலயும் ஒரு வேடிக்கை, விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுறீங்களே, அந்த லினக்ஸ் ஃபைல விண்டோஸ் பக்கம் இருந்து தொறக்கிறதுக்கு மைக்ரோசொஃப்ட் உள்ள பாவிக்கிறது பிளான் 9ஓட 9பிங்கிற ஃபைல் பரிமாறுற முறை.

ஆனா இங்கதான் பிடிவாதக்காரங்களுக்கும் ஒரு அடி குடுக்கணும். யூடிஎஃப்-8 பிறந்த அதே பிளான் 9ல தமிழ ஒழுங்கா பார்க்க முடியாது. ஒரு குறிக்கு ஒரு படம்னு வரிசையா வைக்கத்தான் அதுக்கு தெரியும், "கொ"ன்னு எழுதினா கொம்ப முன்னுக்கு கொண்டு போய் காலை பின்னுக்கு வைக்கணுங்கிற அறிவு அதுக்கு இல்ல. ஹைக்குலயும் அதோட சொந்த ப்ரோகிராம்கள்ல தமிழ் இப்படித்தான் உடையும், க்யூடிங்கிற பொது டூல்கிட் வச்சு எழுதின ப்ரோகிராம தொறந்தா சரியா வரும், ஏன்னா எழுத்த கோர்க்கிற வேலைய ஹார்ஃப்பஸ்னு ஒரு லைப்ரரி அங்க பார்த்துக்குது. இத யாராவது "ஹைக்கு வித்தியாசமானது"ன்னு சொல்லி நியாயப்படுத்தினா கோபம்தான் வரும். அது வித்தியாசம் இல்ல, குறை. எங்க வித்தியாசமா இருக்கணும், எங்க ஊரோட ஒத்து போகணும்னு பிரிச்சு பார்க்க தெரியணும்.

என் கணக்கு இப்படி: வெளிய இருந்து வர்ற சாமான் எல்லாத்துக்கும் ஒத்து போகணும். எழுத்து, பிடிஎஃப், வைஃபை, ப்ரிண்டர், பென் ட்ரைவ், பேங்க் வெப்சைட். அதுல எல்லாம் தனி வழி போறேன்னா ஆள் பட்டினிதான். ஹைக்கு ஆளுங்க வைஃபை ட்ரைவர தாங்களே எழுதுறேன்னு உக்காரல, ஃப்ரீபிஎஸ்டில இருந்தும் ஓபன்பிஎஸ்டில இருந்தும் எடுத்துக்கிட்டாங்க, அது புத்தி. மனுசன் மெஷினோட பழகுற விதம், ஃபைல அடுக்குற விதம், ப்ரோகிராம் ஒண்ணோட ஒண்ணு பேசுற விதம், இதுலதான் சொந்த புத்தி வேணும். நடுவுல கிடக்கிறது பிரவுசர், அது ரெண்டு பக்கமும் இழுக்குது. நானும் எடுத்துக்கோங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா செரினிட்டிஓஎஸ் கூட்டம் என்ன மாதிரி ஆளுங்க வாய அடைச்சிட்டாங்க. ஆண்ட்ரியஸ் க்ளிங் 2018ல ஆரம்பிச்சது, எல்லாத்தையும் நாங்களே எழுதுவோம், வெளிய இருந்து எடுக்க மாட்டோம்னு விதி, பிரவுசர கூட. சிரிச்சவங்க நிறைய பேர். அந்த பிரவுசர்தான் லேடிபேர்ட், 2024ல ஓஎஸ்ஸ விட்டு பிரிஞ்சு தனி ப்ரோஜெக்ட்டா போயிடுச்சு. க்ரோம், சஃபாரி, ஃபயர்ஃபொக்ஸ்னு மூணே மூணு இன்ஜின் மேல உலகமே உக்காந்திருக்கிற நேரத்துல நாலாவதா ஒண்ணு எழும்பி வருதுன்னா அது அந்த வீம்பால வந்தது. அதனால என் கணக்க வேதமா எடுத்துக்காதீங்க.

வேண்டாம்னு சொல்றதுக்கும் சின்ன ஓஎஸ்ஸாலதான் முடியும். ஓபன்பிஎஸ்டிய பாருங்க, 1995ல தியோ டி ராட் ஆரம்பிச்சது. ப்ளூடூத் கோட் ஒழுங்கா இல்லன்னு 2014ல அப்படியே தூக்கி வீசிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் இல்ல. லினக்ஸ் ப்ரோகிராம் ஓட வைக்கிற பகுதிய 2016ல எடுத்துட்டாங்க. விண்டோஸ்ல ப்ளூடூத்த எடுத்தா ரோட்டுல இறங்கிடுவாங்க. ஆனா அதே கறார் புத்தில இருந்துதான் 1999ல ஓபன்எஸ்எஸ்எச், அதாவது தூரத்து மெஷினுக்குள்ள பாதுகாப்பா நுழையிற சொஃப்ட்வெயார் வந்துச்சு, உலகத்து சர்வர்ல பெரும்பகுதிக்கு இன்னைக்கு அதுதான் வாசல், நான் காலைல எழும்பி வேலைக்கு நுழையிறதும் அது வழியாத்தான், மைக்ரோசொஃப்டே விண்டோஸோட குடுக்குது. எழுத்த பாதுகாப்பா கொப்பி பண்ற ஒரு குட்டி ஃபங்ஷன் அவங்க 1998ல சேர்த்தது, லினக்ஸ் பக்கத்து பெரிய லைப்ரரி வேண்டாம் வேண்டாம்னு சண்டை போட்டுட்டு 2023ல சேர்த்துச்சு, கால் நூற்றாண்டு கழிச்சு. பிளெட்ஜ்னு ஒண்ணு இருக்கு, ஒரு ப்ரோகிராம் "நான் இனிமே இந்த இந்த வேலை மட்டும்தான் செய்வேன்"னு கர்னலுக்கு (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) சத்தியம் பண்ணி குடுக்கும், மீறினா அந்த இடத்துலயே கொன்னுடும், ஹேக் பண்ணி உள்ள வந்தவனுக்கும் கை கால் கட்டின மாதிரி. அத கொண்டு வந்தப்ப தங்களோட சொந்த ப்ரோகிராம் நூத்துக்கணக்குல திருத்தி எழுதினாங்க, எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள இருந்ததால முடிஞ்சிச்சு. எங்க அக்கா மெஷின்ல இத போட்டு குடுப்பேனான்னா மாட்டேன். அது வேற விஷயம், எல்லா ஓஎஸ்ஸும் எங்க அக்காவுக்காக இருக்கணும்னு இல்ல.

தேயிலைய இழுக்காம மலைநாட்டான் பேச மாட்டான்னு சிரிக்காதீங்க, இந்த இடத்துல அது பொருந்துது. கென்யா சிடிசி தூள (மெஷின்ல இலைய நசுக்கி, கிழிச்சு, சுருட்டி செய்றது) கப்பல் கப்பலா ஏத்துது, டீ பேக்குக்கு அதுதான் லேசு, விலையும் குறைவு. நம்ம மலைல பெரும்பாலும் இன்னும் ஓதொடொக்ஸ் முறைதான், உருட்டி, புளிக்க வச்சு, மெதுவா. ஊவால ஜூலைல இருந்து செப்டெம்பர் வரைக்கும் அந்த வரண்ட காத்து அடிக்கிறப்ப எடுக்கிற கொழுந்துக்குன்னு ஒரு வாசம் இருக்கு, அதுக்குன்னே காத்திருந்து வாங்குறவன் இருக்கான். இங்கயும் எல்லா ஃபெக்டரிலயும் சிடிசி மெஷின இறக்கிட்டு கென்யா விலைக்கு போட்டி போட்டா யார் ஜெயிப்பான்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அந்த வாசத்தோட விலைல எவ்வளவு போகுதுங்கிறது வேற சண்டை, அத இங்க தொடங்கினா முடியாது.

இன்னொண்ணு, கம்பஸ் பசங்க அடிக்கடி "நாமளே ஒரு ஓஎஸ் செய்வோம்"னு வருவாங்க. பார்த்தா உபுண்டுங்கிற லினக்ஸ் மேல வோல்பேப்பர மாத்தி, ஐகொன மாத்தி, விண்டோஸ் 11 மாதிரி தீம் போட்டிருப்பாங்க. வால்பேப்பர் வித்தியாசம் வித்தியாசம் இல்ல. கண்டி பக்கத்து மலை பேர்ல ஹந்தான லினக்ஸ்னு ஒண்ணு இலங்கைல வந்துச்சு, ஃபெடோராங்கிற இன்னொரு லினக்ஸ வச்சு செஞ்சது, அதுவும் வேற ஒண்ணு மேல ஏறி நின்னதுதான், ஆனா படிக்கிறதுக்கு, ஒஃபிஸ் வேலைக்கு, பாட்டு படத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே டிவிடிக்குள்ள அடக்கி குடுத்தாங்க. நெட் இல்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு கொழும்புல இருக்கிறவனுக்கு வெளங்காது. நம்ம இடத்து கஷ்டத்துல இருந்து பிறந்தா அதுதான் நிஜ வித்தியாசம்: ரீலோட் போட்டு டேட்டா வாங்குறவன், மழை பெஞ்சா கரண்ட் போற லயம், ஒரு மெஷின அஞ்சு பிள்ளைங்க பாவிக்கிற வீடு. ஒரு ஜிபி அப்டேட்ட கேக்காம இறக்குற ஓஎஸ் நமக்காக யோசிச்சு செஞ்சது இல்ல, அத பார்த்து நகல் எடுக்கிறதும் நமக்காக இல்ல.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சது, 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல் ப்ரோசெசர்னா எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும், நம்ம ஸ்கூல்கள்ல கிடக்கிற பழைய மெஷின் நிறைய ஒண்ணுல அது இல்ல. அதனால இனிமே நிறைய பேர் ஹைக்கு மாதிரி சாமான தேடி வருவாங்க, வந்து நீங்க கேட்ட அதே கேள்விய கேப்பாங்க, விண்டோஸ் மாதிரி ஆக்குங்கன்னு நச்சரிப்பாங்க. க்யூடி ப்ரோகிராம், லினக்ஸ் பக்கத்து எக்ஸ் திரை முறைக்கு எழுதின ப்ரோகிராம் எல்லாம் ஹைக்குல ஓட வழி வந்தாச்சு, லிப்ரேஒஃபிஸ் 2018லயே வந்துடுச்சு, அது நல்லதுதான், வேலை நடக்கணும். என் பயம் ஓஎஸ்/2 பயம், எல்லாமே வெளியூர் ப்ரோகிராமாவே ஆகிட்டா அட்ரிபியூட்ட தொடுற ப்ரோகிராம் எதுவும் மிஞ்சாது, மஞ்சள் டேப் மட்டும்தான் மிஞ்சும், அப்ப நீங்க அத வேஷம்னு சொன்னது சரியாயிடும்.

அதனால தம்பி, ஒரு டேர்ம் முடியிற வரைக்கும் எதையும் மாத்தாம அப்படியே பாவிச்சு பாருங்க. உங்க ஏ/எல் நோட்ஸ் பிடிஎஃப் எல்லாத்துக்கும் பாடம், யூனிட், வருஷம்னு அட்ரிபியூட் போட்டு குவெரி செஞ்சு வைங்க. வீட்டுல நெட் இல்லன்னா டவுன்ல இறக்கின எச்பிகேஜி (ஹைக்கு ப்ரோகிராம் பெக்கேஜ்) ஃபைல பென்ல கொண்டு வந்து சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள இருக்கிற பெக்கேஜஸ் ஃபோல்டர்ல போட்டா போதும், இன்ஸ்டோல்னு தனியா ஒண்ணும் இல்ல, அழிச்சா போயிடும். அது கூட இழுக்கிற மத்த பெக்கேஜும் இருக்கான்னு மட்டும் முதல்லயே பார்த்து சேர்த்து இறக்கிக்குங்க, இல்லன்னா திரும்ப பஸ் ஏறணும். புதுசா போட்டது மெஷின கெடுத்துட்டா பூட் ஆகுறப்பவே பழைய நிலைய தேர்ந்தெடுத்து உள்ள போகலாம். மெஷின் 32 பிட்டா 64 பிட்டான்னு பார்த்து சொல்லுங்க, ரெண்டுக்கும் ஹைக்குல வெளியீடு இருக்கு. தமிழ் உடையுற இடத்த ஸ்க்ரீன்ஷொட் எடுத்து, "கொ", "கௌ", "ஸ்ரீ" மூணும் அதுல தெரியிற மாதிரி எனக்கு அனுப்புங்க, ரெண்டு பேருமா சேர்ந்து இங்கிலீஷ்ல எழுதி அவங்களுக்கு பக் ரிப்போர்ட்டோட சேர்த்து போடுவோம்.